பதினொரு வாளி

பழைய பெயின்ற் வாளிகள் பதினொன்று,
வெள்ளவத்தையில், ஆறாம் மாடிக்கும் மேலே,
தண்ணீர்த் தாங்கிகளின் நிழல் விலகும் இடத்தில்.
பக்கத்துக் காணியில் பதினெட்டு மாடி எழும்புகிறது.
அதன் சீமெந்துத் தூசு
என் தக்காளிகளுக்குப் பவுடர் பூசிவிட்டுப் போகும்.
தூசும் வெயிலும் சேர்ந்தால்
அதுகளுக்குக் கலியாண வீடு.

முதலில் ஊசிமுனை மஞ்சள் புள்ளிகள்.
சத்துக் குறைவென்று நினைத்து
வாழைப்பழத் தோல் ஊறவைத்து ஊற்றினேன்.
பிறகுதான் இலைக்கடியில் தாள் பிடித்துத் தட்டினேன்,
திணைக்களத்துச் சுற்றறிக்கை ஒன்றின் வெற்றுப் பக்கம்.
மிளகாய்த்தூள் சிந்தினாற்போல் விழுந்து
கொஞ்சம் கழித்து
தூள் நடக்கத் தொடங்கியது.

சிங்களத்திலிருந்து தமிழுக்குச்
சுற்றறிக்கை மொழிபெயர்ப்பவள் நான்.
முற்றுப்புள்ளியளவு உயிர்கள் மேல் வந்த கோபம்
தொழில் சார்ந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இலைகளின் அடிவயிற்றில் தண்ணீர் பீச்சினேன்.
வலை அறுந்தது. இரண்டு நாளில் மறுபடி நெய்திருந்தன.
லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய்,
சீவின சவர்க்காரம், இடித்து வடித்த உள்ளி.
வெயில் இறங்கியபின் அடித்தேன்.
கீழ்வீட்டு மிஸிஸ் பெர்னாண்டோபுள்ளே
படியேறி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்,
"செத்தது ஆர்?"

பாதி செத்தன.
முட்டைகளுக்கு எதுவும் மணப்பதில்லை.
ஐந்தாம் நாள் மறுபடி. பத்தாம் நாள் மறுபடி.

கந்தகம் தூவலாமா என்றதற்குப்
புறக்கோட்டைக் கடையில் நளீர் நானா சொன்னார்:
"எண்ணெய் பட்ட இலைக்கு ரெண்டு கிழமை கந்தகம் வேணாம்.
கருகிரும். எத்தினை ஏக்கர்?"
"பதினொரு வாளி."
அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே
அபமெக்டின் போத்தல் ஒன்று வாங்கினேன்,
இருந்ததில் சின்னது,
ஒரு தோட்டத்துக்கே காணும்.

வெள்ளி பின்னேரம். கையுறை, முகமூடி, மழைக்கோட்டு.
கடல்காற்று அடங்கும்வரை இருந்தேன்.
தேனீ ஒன்று கடைசிப் பூவில் மினக்கெட்டது,
அது போகும்வரையும்.
மூன்று வாளி இனித் தேறாது, பிடுங்கிப் பையில் கட்டினேன்.
நான்குக்கு மருந்து.
மற்ற நான்கும் வேம்போடு சமாளிக்கட்டும்.
அட்டை எழுதித் தொங்கவிட்டேன்:
'நஞ்சு தெளிக்கப்பட்டுள்ளது.
அடுத்த வெள்ளிக்கிழமை வரை பறிக்க வேண்டாம்.'
இரண்டு தரம் பார்த்தேன். ஒற்றுப்பிழை இல்லை.

ஞாயிறு காலை
அந்த நான்கில் மூன்று பழம் இல்லை.
காம்போடு பக்குவமாய்க் கிள்ளியிருந்தது.
காகம் அப்படிக் கிள்ளாது.

கதவு கதவாய்த் தட்டினேன்.
ஏழு வருஷம் குடியிருந்த கட்டடத்தில்
சில கதவுகளின் நிறமே அன்றுதான் தெரிந்தது.
தக்காளியா, எந்தத் தக்காளி, மேலே தக்காளி இருக்கிறதா,
பிள்ளை, உள்ளே வந்து தேத்தண்ணி குடியுங்கோ.
கடைசியில் காவலாளி சொன்னான்:
நேற்றுத் தாங்கி கழுவ சுனிமல் வந்தவர்.

பஸ் இரைச்சலுக்குள் அவர் குரல்:
"ஓம் மிஸ், மூன்று எடுத்தேன். சம்பல் போட்டோம். நல்ல ருசி."
அட்டை தொங்கினதே, பார்க்கவில்லையா?
"பார்த்தேன் மிஸ்.
அது தமிழில் அல்லவா இருந்தது."

பஸ்ஸிலும் கந்தோர் வாசலிலும் என் மொழி
கொம்பு இழந்து கால் முறிந்து தொங்குவதைப்
படமெடுத்து அனுப்பி முறையிடுகிறவள் நான்.
கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டு
தாங்கிக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன்.

தலைசுற்றல் இருக்கிறதா? வாந்தி?
மகளுக்கு? அவளும் சாப்பிட்டாளா?
ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காசு நான் தருகிறேன்.
அவர் போனார். ஒன்றுமில்லையென்று அனுப்பிவிட்டார்களாம்.
ஆனாலும் நான் தினம் ஏழு மணிக்கு எடுத்தேன்.
ஐந்தாம் நாள் அவரே முந்திக்கொண்டார்:
"உயிரோடுதான் இருக்கிறேன் மிஸ், நீங்கள் சாப்பிட்டீர்களா?"

இப்போது அட்டையில் மூன்று மொழி, ஒரு மண்டையோடு.
அடுத்த தரம் தாங்கி கழுவ வந்தவர்
என் சிங்களத்தில் ஒரு ண-வைத் திருத்திவிட்டு
வேம்பு வாளியில் பழம் கேட்டு வாங்கிப் போனார்.

தூசு விழுந்துகொண்டிருக்கிறது.
தாளைப் பிடித்துத் தட்டுகிறேன்.
இரண்டு புள்ளி.
குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஒன்று நடக்கிறது.